ஜன்னலோரத்துக்காரி

எங்கள் நிலையத்தில் ஒரு பக்கம் ரயில், இன்னொரு பக்கம் பஸ், நடுவில் கக்கூஸ். அந்தக் கக்கூஸ் வாசலில் மேசை போட்டு உட்கார்ந்து காசு வாங்குபவள் நான். கட்டிடம் கட்டியவர்கள் முகப்பில் கண்ணாடி பதித்து, ‘ஒருங்கிணைந்த பயணியர் முனையம்’ என்று ஆள் உயரத்துக்கு எழுதிவைத்தார்கள். ஒருங்கிணைந்தது எது என்று என் மூக்கைக் கேட்டால் சொல்லும். ரயில் பக்கத்து நாற்றமும் பஸ் பக்கத்து நாற்றமும் என் மேசைக்கு நேராக வந்துதான் ஒன்றையொன்று நலம் விசாரித்துக்கொள்ளும்.

மனிதர்கள் மேல் எனக்கிருந்த மரியாதையெல்லாம் இந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் வாரத்திலேயே போய்விட்டது. இஸ்திரி மடிப்புக் கலையாமல், சென்ட் அடித்துக்கொண்டு வருவான். உள்ளே போனவன் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றாமல் வெளியே வருவான். கேட்டால், “காசு குடுத்தேன்ல?” என்பான். ‘இங்கே துப்பாதீர்’ என்று எழுதிய பலகை மேலேயே குறி பார்த்துத் துப்பியிருப்பார்கள். கருமம், அந்தப் பலகையை வாரம் தவறாமல் தேய்த்துக் கழுவுவதும் நான்தான். எல்லோரிடமும் சில்லறை, சில்லறை என்று கத்திக்கொண்டே இருப்பதால் நிலையத்தில் எனக்குப் பெயரே ‘சில்லறை’ ஆகிவிட்டது.

இதெல்லாம் பினாயில் ஊற்றினால் போய்விடும். பினாயிலுக்கும் போகாத ஒன்று பஸ் பக்கத்தில் நடந்தது. நடந்தது என் ஓரகத்திக்கு.

ஓரகத்தி என்றால் என் வீட்டுக்காரருடைய அண்ணன் மனைவி. ‘அக்கா’ என்று கூப்பிடுவேன், பாதி நாள் பல்லைக் கடித்துக்கொண்டு. எங்கள் இருவருக்கும் ஒத்துவராது. ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு வைத்திருந்த காலத்தில் ஒரு குடத்துத் தண்ணீருக்கு நாங்கள் போட்ட சண்டையைத் தெருவே நின்று பார்த்திருக்கிறது. அவள் புருஷனுக்குப் பஞ்சர் ஒட்டுவது தொழில், தூங்குவது முழுநேர வேலை. அந்த மனுஷனைப் பற்றி இதற்கு மேல் சொன்னால் என் வாய்தான் வலிக்கும்.

அவளை நிலையத்தில் எல்லோரும் ‘ஜன்னலோரம்’ என்று கூப்பிடுவார்கள். பஸ்ஸில் உட்காருவதுதான் அவள் தொழில். போவது கிடையாது, உட்காருவது மட்டும்.

புரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் நிலையத்தில் ரயில் நேரத்துக்குப் போகும், ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும். தனியார் பஸ் அப்படியில்லை. நிறைந்தால்தான் நகரும். ஆனால் காலி பஸ்ஸில் எவனும் முதலில் ஏறமாட்டான். எட்டிப் பார்ப்பான், “இது இப்பப் போவாது” என்று நழுவிவிடுவான். அதனால் பஸ் ஏஜெண்டு கூலிக்கு ஆள் பிடித்து உள்ளே உட்காரவைப்பான். வெளியிலிருந்து பார்த்தால் பஸ் பாதிக்கு மேல் நிறைந்த மாதிரி இருக்கும். நிஜப் பயணிகள் நம்பி ஏற ஏற, ஏஜெண்டு கைகாட்டுவான்; கூலிக்கு உட்கார்ந்தவர்கள் ஒவ்வொருவராகப் பின்படி வழியாக இறங்கி அடுத்த பஸ்ஸுக்குப் போவார்கள். அவர்களுக்கு டம்மி என்று பெயர். ஏமாற்று வேலைதான். ஆனால் நிலையத்தில் யாரும் அதை அப்படிச் சொல்வதில்லை, ‘பில்லப்’ என்று கௌரவமாகச் சொல்வார்கள். சீ, பெயரைப் பார்.

அந்த ஏஜெண்டுக்குப் பட்டப்பெயர் ‘சவுண்டு’. ஊர்ப் பெயரைச் சொல்லி அவன் கூவ ஆரம்பித்தால் ரயில் பக்கத்து ஒலிபெருக்கியே காதில் விழாது. வாயைத் திறந்தால் வெற்றிலைச் சாறும் பொய்யும் சேர்ந்து தெறிக்கும். பஸ்ஸின் தகரத்தை உள்ளங்கையால் டம் டம் என்று தட்டி, “ரைட்டு, ரைட்டு!” என்பான். அந்தத் தட்டுத்தான் டம்மிகளுக்குச் சைகை. முதல் தட்டுக் கேட்டதும் மிச்சமிருக்கிறவர்கள் இறங்கிவிட வேண்டும்.

ஜன்னலோரம் இந்த வேலைக்கு வந்த கதையே கேவலம். கல்யாணமான புதிதில் புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு, துணிப்பையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போக வந்தாள். அம்மா ஊர் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பஸ் கிளம்பவில்லை. உட்கார்ந்து உட்கார்ந்து கோபம் ஆறிவிட்டது. ‘போய் என்ன சொல்லப்போறோம்’ என்று இறங்கிவிட்டாள். இறங்கியவளைச் சவுண்டு வழிமறித்தான்.

“அக்கா, நீங்க உக்காந்திருந்ததப் பாத்துதான் அத்தன பேரு ஏறுனாங்க. உங்க மூஞ்சியப் பாத்தா வண்டி கவுராதுன்னு ஜனங்களுக்கு ஒரு நம்பிக்க வருது. நாளைக்கும் வர்றீங்களா?”

வந்தாள். அன்றிலிருந்து வந்துகொண்டேயிருந்தாள். பிள்ளை பெற்று, வளர்த்து, தலை நரைத்து, இத்தனை வருஷமும் அவள் அதிகமாக உட்கார்ந்தது அந்த அம்மா ஊர் பஸ்ஸில்தான். மதியம் ஏறினால் பொழுது சாய்வதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். தினமும் ஏறுவாள், தினமும் இறங்குவாள். அம்மாவைப் போய்ப் பார்த்தது ஆரம்பத்தில் சில தடவை. பிறகு அதுவும் நின்றுவிட்டது.

“ஒரு நாளு எறங்காமப் போய்ட்டுத்தான் வாயேன்கா,” என்பேன்.

“எங்கடி போயிரும்? தெனமும் நிக்கிற வண்டிதான. நாளைக்குப் போனாப் போவுது.”

அம்மாவிடம் போனில் பஸ் கம்பெனியில் வேலை என்று சொல்லியிருந்தாள். அந்த அம்மா தெருவெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டதாம். எனக்கு அதைக் கேட்கும்போதெல்லாம் எரிச்சலாக வரும்.

ஆனால் தொழிலில் அவள் கெட்டி. மற்ற டம்மிகள் பையை மடியில் வைத்துக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்திருப்பார்கள். இவள்தான் சவுண்டுக்குச் சொல்லிக்கொடுத்தாள். பையை மேலே வைக்கச் சொல்லு, மேலே வைத்தவன் இறங்குவான் என்று யாரும் நினைக்கமாட்டார்கள். செருப்பைக் கழற்றிக் காலை மடக்கி ஒருத்தரை உட்காரச் சொல்லு. பிஸ்கட் பொட்டலம் பிரித்து ஒருத்தரைத் தின்னச் சொல்லு. கைக்குழந்தைக்காரி கிடைத்தால் விடாதே, அழுகிற குழந்தையைத் தூக்கிக்கொண்டு யாரும் சும்மா பஸ்ஸில் உட்காரமாட்டார்கள். இதையெல்லாம் என் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ரொட்டியைத் தின்றுகொண்டே சொல்லுவாள். உள்ளேயிருந்து வருகிற நாற்றத்தில் எனக்கு எச்சில் விழுங்கவே குமட்டும். அவள் பாட்டுக்கு ரசித்துத் தின்பாள்.

போன மாதம் சவுண்டு அவளை வரவேண்டாம் என்றான். ஒரு பயணி இவளை அடையாளம் கண்டுவிட்டாள். “போன தடவையும் இதே சீட்டுல ஏறுனீங்க, எறங்கிட்டீங்க. என்ன நடக்குது இங்க?” என்று பஸ்ஸுக்குள் ஒரே ரகளை.

“மூஞ்சி பழகிப்போச்சுக்கா. கொஞ்ச நாளு வீட்டுல இருங்க. ஜனங்க மறக்கட்டும்,” என்றான்.

பாலில் விழுந்த ஈயை எடுத்துப் போடுகிற மாதிரி சொல்லிவிட்டு வேறு பக்கம் கூவப் போய்விட்டான். இவளும் சரியென்று வீட்டில் கிடந்தாள்.

அப்படி வீட்டில் இருந்த நாளில்தான் தம்பியிடமிருந்து போன் வந்தது. அம்மாவுக்கு மூச்சு இழுக்கிறது, டாக்டர் கையை விரித்துவிட்டார், இன்றைக்குத் தாண்டாது. ஆனால் நினைவு தெளிவாக இருக்கிறது, பெரியவ எங்கே, பெரியவ எங்கே என்று கேட்டுக்கொண்டே இருக்கிறது.

வெயில் ஏறிக்கொண்டிருந்த நேரம். அவள் துணிப்பையோடு ஓடிவருவதை மேசையிலிருந்தே பார்த்தேன். முந்தானை ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம்.

“எங்கம்மா போவப்போவுதுடி. உசுரு இருக்கிறப்பவே நான் போய் நிக்கணும்.”

“ரயிலு நிக்குது பாரு. கிளம்பப்போவுது. ஓடிப் போய் ஏறு.”

அவள் ரயிலைப் பார்த்தாள். அந்த ரயில் ஒவ்வொரு குக்கிராமத்திலும் நின்று மூச்சு வாங்கிவிட்டுப் போகும். போய்ச் சேர்ந்தாலும் ஸ்டேஷன் ஊருக்கு வெளியே. பஸ் என்றால் அவள் அம்மா தெருமுனையிலேயே இறக்கிவிடும். அவள் யோசித்தது தப்பில்லை. அந்த நேரம் பார்த்துப் பஸ் பக்கத்திலிருந்து சவுண்டின் குரல் வந்தது.

“கிளம்பிருச்சு, கிளம்பிருச்சு! ஒரே ஒரு சீட்டு! அடுத்த வண்டி சாயங்காலந்தான்!”

அவள் ஓடினாள். அவள் பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே நானும் ஓடினேன். சவுண்டு அவளைப் பார்த்தான்.

“சவுண்டு, எங்கம்மாவுக்கு முடியல. வண்டி எப்பப் போவுது?”

“ஏறுங்கக்கா, ஏறுங்க. தோ கிளம்பிருச்சு. உங்களுக்கு டிக்கெட்டே வேணாம், ஏறுங்க.”

அவள் சும்மா ஏறவில்லை. தொழில் தெரிந்தவள் இல்லையா? சீட்டுகளுக்கு நடுவே நடந்து இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே போனாள். பழைய டம்மிகள் ஒருத்தர்கூட இல்லை. எல்லாம் புது முகம். மேலே பைகள் நெருக்கியடித்து இருந்தன. ஒரு பெரியவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை மடக்கி உட்கார்ந்திருந்தார். ஒருத்தன் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தான். முன்சீட்டில் ஒரு சின்னப் பெண்ணின் மடியில் கைக்குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. ஜன்னலோரம் ஒரு ஜன்னலோரத்தில் உட்கார்ந்து, கம்பி வழியாக என்னைப் பார்த்தாள்.

“எல்லாம் நெஜ ஆளுங்கடி. நான் பாத்துட்டேன். நீ போ, உன் மேசையப் பாரு.”

அந்த அவசரத்திலும் அவள் குரலில் ஒரு பெருமை இருந்தது. எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. நான் மேசைக்குத் திரும்பினபோது ரயில் ஊதிக்கொண்டு கிளம்பியது. பாதிப் பெட்டி காலி. அந்தக் காலியையும் இழுத்துக்கொண்டு அது நேரத்துக்குப் போய்விட்டது.

கொஞ்ச நேரம் நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. ஒரு ஆள் பெரிய நோட்டை நீட்டிச் சில்லறை கேட்டு என் உயிரை எடுத்துக்கொண்டிருந்தான். அவனைத் துரத்திவிட்டு நிமிர்ந்தால், எதிரே ஒரு பெரியவர். கையில் பை.

“அம்மா, இந்தப் பையக் கொஞ்சம் பாத்துக்கோங்க. உள்ள போய்ட்டு வந்துர்றேன்.”

பையை மேசை மேல் வைத்தார். வைத்த சத்தமே கேட்கவில்லை. அந்தப் பெரிய பைக்குக் கனமே இல்லை. வாயைக் கொஞ்சம் விலக்கிப் பார்த்தேன். உள்ளே கசக்கித் திணித்த பழைய பேப்பர். அப்போதுதான் அவர் முகத்தைச் சரியாகப் பார்த்தேன். பஸ்ஸில் காலை மடக்கி உட்கார்ந்திருந்த அதே ஆள்.

“ஐயா, உங்க பஸ்ஸு கிளம்பப்போவுதே?”

“நம்ம வேல முடிஞ்சுதும்மா. வேற ஊரு வண்டிக்கு ஆளு வேணுமாம், எறங்கிட்டேன்,” என்று சாவகாசமாக உள்ளே போனார்.

மேசை, காசு டப்பா எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். பஸ் அதே இடத்தில் நின்றது. டிரைவர் சீட்டு காலி. பிஸ்கட் தின்றவன் பின்படியில் இறங்கிக்கொண்டிருந்தான். கைக்குழந்தைக்காரி குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு, மேலேயிருந்து பையை எடுத்தாள். எடுத்தவள் ஜன்னலோரத்தைப் பார்த்து, அக்கறையாகத்தான் கேட்டாள்.

“அக்கா, நீங்க எறங்கலையா? அண்ணன் அப்பவே கை காட்டிட்டாரு.”

ஜன்னலோரம் அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் இறங்கிப் போய்விட்டாள். பஸ்ஸில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில தலைகள்தான் மிச்சம். பை மேலே, செருப்புக் கீழே, பிஸ்கட், குழந்தை. எல்லாம் இவள் சொல்லிக்கொடுத்தது. ஒன்று பாக்கி விடாமல் செய்திருந்தான் படுபாவி.

“அக்கா, எறங்கு. வெளிய கார் இருக்கு, கேட்டுப் பாக்கலாம்,” என்று கம்பி வழியாகக் கத்தினேன்.

அப்போது அவள் போன் அடித்தது. நிலையத்து இரைச்சலில் கேட்காது என்று ஸ்பீக்கரில் போட்டாள். தம்பி.

“அக்கா, ஏறிட்டியா? அம்மா உங்கிட்டப் பேசணுங்குது. காதுல வைக்கிறேன்.”

மூச்சிரைப்புத்தான் முதலில் கேட்டது. பிறகு அந்தக் குரல், பஞ்சு மாதிரி.

“ஏறிட்டியா?”

“ஏறிட்டேம்மா.”

“ஒக்கார எடம் கெடச்சுதா?”

“ஜன்னலோரமா ஒக்காந்திருக்கேம்மா.”

“வண்டி கிளம்பிருச்சா?”

ஜன்னலோரம் என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“கிளம்பிருச்சும்மா. வந்துக்கிட்டே இருக்கேன்.”

“வழியில எங்கயும் எறங்காத. நேரா வா.”

போன் நின்றது. ஜன்னலோரம் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். எறங்கு, எறங்கு என்று நான் தொண்டை கிழியக் கத்தியும் அவள் அசையவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள். நானே ஓடிப்போய் வாசலில் நின்ற கார்க்காரனைக் கேட்டேன். அந்த ஊரிலிருந்து காலியாகத் திரும்ப வேண்டும், இரண்டு பக்கத்துக்கும் வாடகை வேண்டும் என்று பல்லைக் குத்திக்கொண்டே சொன்னான். அவன் கேட்டது எங்கள் இரண்டு வீட்டையும் தலைகீழாகக் கவிழ்த்து உதறினாலும் விழாத பணம். திரும்பி வந்து பஸ்ஸுக்குள் ஏறினேன்.

“ஐயா, அம்மா, இவங்க அம்மா சாவக் கெடக்குது. எல்லாரும் சேந்து ஒரு வார்த்த சொன்னா வண்டிய எடுத்துருவான். கொஞ்சம் சொல்லுங்க.”

ஒருத்தன் போனைப் பார்த்தான். ஒருத்தி ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். பின்னாலிருந்து ஒரு குரல் மட்டும், “அவங்கவங்களுக்கு ஆயிரம் அவசரம் இருக்கும்மா,” என்றது. இத்தனை வருஷம் கழுவித் தள்ளிய அசிங்கத்தில் எதுவும் எனக்கு அந்த மாதிரி குமட்டியதில்லை.

சவுண்டு கம்பத்தில் சாய்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தான். சட்டையைப் பிடித்தேன்.

“அவகிட்டயுமாடா? உனக்கு இத்தன வருஷம் ஒழச்சவகிட்டயுமாடா அந்தப் பொய்யச் சொன்ன?”

“சில்லறைக்கா, சட்டைய விடுங்க. யாரு என்னன்னு பாத்தா வாயி சொல்லுது? பையோட ஒரு ஆளு வந்தா ‘கிளம்பிருச்சு’ன்னு தன்னால வந்துருது. பழக்கம்.”

“இப்ப எடுக்கச் சொல்லு வண்டிய.”

“பாதி வண்டியோட எடுத்தா ஓனர் என் தோல உரிச்சுருவாரு. அவங்ககிட்ட டிக்கெட்டுக் காசு வாங்கலையே நானு, தெரியும்ல? வேற எவன் அப்பிடி வுடுவான்?”

பெருமையாகச் சொன்னான். அதை ஒரு தர்மமாகவே நினைத்துச் சொன்னான். அவன் காலடியில் காறித் துப்பினேன். நானும் அந்தத் தரையில் துப்பியது அன்றைக்குத்தான். பிறகு வாளியைக் கொண்டுவந்து நானே கழுவிவிட்டேன்.

பஸ் ஒருவழியாக நிறைந்தபோது நிழல் நீண்டுவிட்டது. டிரைவர் வாயைத் துடைத்துக்கொண்டு வந்து ஏறினார். சவுண்டு தகரத்தில் டம் டம் என்று தட்டினான். “ரைட்டு, ரைட்டு!”

அந்தத் தட்டுக்கு ஜன்னலோரம் எழுந்து நின்றாள். பையைக் கையில் எடுத்தாள். ஒரு காலைச் சீட்டுகளுக்கு நடுவே வைத்தாள். நான் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்கே தெரியாமல் அவள் உடம்பு இறங்கப் போனது. பாதியில் நின்றாள். கையிலிருந்த பையைப் பார்த்தாள். பிறகு மெதுவாக உட்கார்ந்தாள். பஸ் திரும்பி வாசலைத் தாண்டியது.

அவள் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. காரியமெல்லாம் ஆன பிறகு திரும்பி வந்தவள் நேராக என் மேசைக்குத்தான் வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தாள். அழவில்லை. நடந்ததைச் சொன்னாள்.

அவள் போனில் ‘கிளம்பிருச்சு’ என்று சொன்ன நேரத்திலிருந்து, வண்டி எங்கே வருது, எங்கே வருது என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்ததாம். பஸ் வழியெல்லாம் தெரிந்த தம்பி உத்தேசமாகக் கணக்குப் போட்டுச் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறான். பாலம் தாண்டிட்டாம்மா. இப்ப மில்லுக்கிட்ட வந்திருப்பா. இந்நேரம் ஊருக்குள்ள நொழஞ்சிருப்பா. அம்மாவும் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டியிருக்கிறது.

“தெருமுனைக்கு வந்துட்டாம்மான்னு அவன் சொன்னதும் வாசப்பக்கம் திரும்பிப் பாத்துச்சாம். அப்பிடியே போயிருச்சாம். அவன் கணக்குப்படி நான் தெருமுனையில நிக்கிறேன். நான் இங்க நிக்கிற வண்டியில ஒக்காந்திருக்கேன்.”

தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தேன்.

“தம்பி என்னா கேட்டான் தெரியுமா? பஸ் கம்பெனியில வேல பாக்குறவளுக்கு ஒரு பஸ்ஸு கெடைக்கலையாக்கான்னு கேட்டான். அத்தன பேரு முன்னால.”

அப்போதுதான் அந்தச் சவுண்டு வந்து நின்றான். முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்ள முயற்சி செய்தான். வாயில் வெற்றிலை இருந்ததால் சரியாக வரவில்லை.

“அக்கா, கேள்விப்பட்டேன். மனசுக்குக் கஷ்டமாப் போச்சு.” வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கினான். “புதுசா வந்ததுங்க ஒண்ணும் சரியில்லக்கா. அந்தக் கொழந்தக்காரி நின்னுட்டா. உங்க மூஞ்சிய இப்ப ஜனங்க மறந்திருப்பாங்க. வர்றீங்களா? வண்டி காலியா நிக்குது.”

சொன்னானே! வாளியில் இருந்த அழுக்குத் தண்ணீரை அப்படியே அவன் தலையில் கவிழ்க்க எழுந்துவிட்டேன். ஜன்னலோரம் என் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். எழுந்து, முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு, அவன் பின்னாலேயே நடந்தாள். எனக்கு வந்த வெறுப்பில் அவள் முதுகையே பார்க்கப் பிடிக்கவில்லை. ‘த்தூ, மானங்கெட்டவளே’ என்று வாய்விட்டே சொன்னேன். அவளுக்குக் கேட்டிருக்கும்.

அதே பஸ். அதே ஜன்னல். அந்த முகத்தைப் பார்த்து ஜனங்கள் நம்பி ஏறினார்கள். துக்கத்தில் இன்னும் நல்ல முகமாகியிருந்தது அது. வண்டி சீக்கிரமே நிறைந்தது. சவுண்டு அவளைப் பார்த்துக் கைகாட்டினான். அவள் அசையவில்லை. ஒரு ஆளை ஏற்றிவிட்டு அவள் சீட்டைக் காட்டினான். அப்போதும் அசையவில்லை. தகரத்தைத் தட்டினான். மறுபடியும் ஓங்கித் தட்டினான். நான் மேசையை விட்டு எழுந்து வந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தத் தடவை அவள் உடம்பு ஆடவேயில்லை.

“அக்கா! எறங்குங்க! டிக்கெட்டு எடுத்த ஆளு நிக்குது, எறங்குங்க!”

“மாட்டேன்.”

“என்னக்கா வெளாடுறீங்களா? அந்த ஊருல இப்ப உங்களுக்கு யாரு இருக்கா?”

ஜன்னலோரம் கம்பி வழியாக அவனைக் குனிந்து பார்த்தாள்.

“வழியில எறங்காதன்னு எங்கம்மா சொல்லிருக்கு.”

சீட்டுக் கிடைக்காதவன் கத்தினான், கண்டக்டர் கத்தினார், பின்னால் நின்ற பஸ் ஹாரனை விடாமல் அடித்தது. டிரைவர் யாரையும் பார்க்காமல் வண்டியை எடுத்தார். சவுண்டு தகரத்தைத் தட்டிக்கொண்டே வாசல் வரைக்கும் கூட ஓடினான். வண்டி நிற்கவில்லை. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நான் மேசைக்குத் திரும்பினேன். அதற்குள் எவனோ காசு போடாமல் உள்ளே போயிருந்தான்.